அம்மி இருந்த இடத்தில் ஒரு கோடு

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயது முப்பத்தாறு, வவுனியாவிலிருந்து வந்து கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, இரண்டு ஆண்டுகளாகச் சிங்களம் பேசவும் வாசிக்கவும் கற்கிறீர்கள், கணக்கியல் பரீட்சையின் அடுத்த நிலைக்கும் படிக்கிறீர்கள், பத்துக் கிலோ எடை குறைக்க வேண்டும் என்றும் தீர்மானித்திருக்கிறீர்கள். மூன்றிலும் தொடக்கத்தில் இருந்த வேகம் போய்விட்டது, ஊக்கத்தை எப்படித் தக்கவைப்பது என்று கேட்கிறீர்கள். ஆனால் இடையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "மெதுவாகப் போகிறேனா, நின்றே விட்டேனா என்பதே தெரியவில்லை." எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மெதுவாகப் போகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று, நின்றுவிட்டவருக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. இரண்டில் எது என்று தெரியாதவரிடம் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பயன் குறைவு.

பதிலுக்குப் போகுமுன் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். உளவியலில் பட்டம் பெற்றேன். ஆனால் பிழைப்பு அதில் அமையவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் பேசும் பெரியவர்களுக்கு மாலை வேளைகளில் சிங்களம் கற்பித்து வருகிறேன். ஆகவே மொழி கற்பதில் ஏற்படும் தளர்ச்சியைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசுவேன். பரீட்சையைப் பற்றி அதைவிடக் குறைந்த உறுதியோடு பேசுவேன். உடல் எடை என்பது வைத்தியரிடமும் போசணை நிபுணரிடமும் கேட்க வேண்டிய விடயம், அதில் தலையிட மாட்டேன்.

ஊக்கம் என்பது முதலில் இருக்க வேண்டிய எரிபொருள், அது தீர்ந்ததால்தான் வண்டி நின்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் வகுப்பில் கண்டது பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையிலானது: சிறிதாவது நகர்ந்தோம் என்று கண்ணால் கண்ட மாணவருக்கு அடுத்த நாள் வரும் மனம் இருந்தது, நகர்ந்தும் அதைக் காணாதவர் நின்றுபோனார். ஹார்வர்ட் வணிகக் கல்லூரியின் தெரேசா அமாபிலேயும், உளவியலாளர் ஸ்டீவன் கிரேமரும் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. ஏழு நிறுவனங்களில் 238 பேர் நாள்தோறும் எழுதிய, ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை அவர்கள் வாசித்தார்கள். மனம் நன்றாக இருந்த நாட்களில் வேறெதையும்விட அடிக்கடி காணப்பட்டது, செய்யும் வேலையில் ஓர் அடியாவது முன்னேறியிருந்தமை. அது மிகச் சிறிய அடியாக இருந்தாலும் போதுமாக இருந்தது. முன்னேற்றம் மனத்தை நன்றாக்கியதா, மனம் நன்றாக இருந்ததால் முன்னேறினார்களா என்பதை நாட்குறிப்புகளை மட்டும் வைத்து முழுதாகப் பிரித்துவிட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்கும் என்றே நானும் எண்ணுகிறேன். எப்படியாயினும், முதலில் மனத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குவோம் என்று காத்திருப்பதற்கு அந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை.

உங்கள் அம்மா தொலைபேசியில் "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று சொல்வதாகவும், அதைக் கேட்டால் இப்போது எரிச்சல்தான் வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அம்மா சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது: அம்மி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும், அது முன்பு இருந்த இடத்தில் தரையில் ஒரு கோடு கீறி வைக்காவிட்டால் அது நகர்ந்ததை அடித்தவர் உட்பட யாரும் அறியப்போவதில்லை. நீங்கள் இரண்டு ஆண்டுகளாக அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கோடு கீறவில்லை. உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் "சிங்களவர் ஒருவரைப் போலப் பேச வேண்டும்" என்பது. அந்த அளவுகோலில் மிகச் சிறிய அலகே ஐந்து ஆண்டாக இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு ஞாயிறும் அளந்து பார்த்தால் பூச்சியம்தான் வரும்.

என் மாணவி ஒருவர், தனியார் அலுவலகமொன்றில் வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்பவர், ஓராண்டு படித்தபின் "எனக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று வகுப்பை விட்டுப் போக வந்தார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஓர் அழைப்பில் எத்தனை முறை "ஆயெத் கியன்ன" (திரும்பச் சொல்லுங்கள்) என்று கேட்கிறீர்கள்? அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு கொப்பியின் ஓரத்தில் அழைப்புக்கு அழைப்பு கோடு போடச் சொன்னேன். முதல் வாரத்தில் அழைப்பொன்றுக்கு எட்டு ஒன்பது கோடுகள் விழுந்தன. நான்கு மாதத்தில் அது இரண்டாகக் குறைந்தது. அந்த நான்கு மாதமும் அவர் "முன்னேற்றமே இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், கொப்பி மட்டும் வேறு கதை சொன்னது. நான் 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது எனக்குக் கிடைத்த அளவுகோல் காலி வீதியில் ஓடும் பேருந்துகள். 100ஆம் இலக்கமும் 101ஆம் இலக்கமும் நிறுத்தத்துக்கு வருமுன்பே, தமிழெழுத்தைப் பார்க்காமல், பலகையின் சிங்கள எழுத்தை வாசித்துவிட முடிகிறதா என்று பார்ப்பேன். முதலில் பேருந்து நின்று, ஆட்கள் ஏறி, நடத்துநர் கத்தி முடித்த பிறகுதான் "பாணந்துறை" என்று கூட்டி முடிப்பேன். சில மாதங்களில் அது தூரத்தில் வரும்போதே தெரிந்தது. வேடிக்கையான அளவுகோல்தான், ஆனால் அது பொய் சொல்லவில்லை, செலவும் இல்லை.

அளவுகோல் சரியாக இருந்தாலும், நடுப்பகுதி உண்மையிலேயே மெதுவானது என்பதையும் சொல்ல வேண்டும். அது உங்கள் குறை அன்று. எந்த மொழியிலும் சில நூறு சொற்கள் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும், மிகுதி பல்லாயிரம் சொற்கள் எப்போதாவது தலைகாட்டும். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் முதல் 2000 சொற்கள் சாதாரண எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நிரப்பிவிடும் என்பார்கள். முதல் ஆறு மாதத்தில் நீங்கள் கற்ற ஒவ்வொரு சொல்லும் அன்றைக்கே சந்தையிலும் பேருந்திலும் காதில் விழுந்தது. இப்போது கற்கும் சொல் மாதத்துக்கு ஒருமுறை எதிர்ப்படும். உழைப்பு அதேதான், பலன் கண்ணில் படும் தடவைகள்தான் குறைந்துவிட்டன. சிங்களத்தில் தமிழருக்கென்று தனியாக இரண்டு மேடுகளும் உண்டு. நம் எழுத்து 'க'வையும் அதன் ஒலிப்புடைய வடிவத்தையும் பிரித்துக் காட்டாது. சிங்களத்தில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றும். நாம் "கல" என்று ஒரே விதமாக எழுதக்கூடிய சொல், தொண்டையை அதிரவைத்துத் தொடங்கினால் பாறை, அதிராமல் தொடங்கினால் காலம். இரண்டாவது மேடு, பேச்சும் எழுத்தும் விலகி நிற்பது. பேச்சில் "மம யனவா, ஒயா யனவா, எயா யனவா" என்று வினை மாறாமல் நிற்கும்; எழுத்தில் நான் போவது "யமி", அவன் போவது "யயி". பேச்சைப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்து பத்திரிகையைத் திறப்பவர் மறுபடி முதலாம் வகுப்பில் போய் உட்கார நேர்கிறது. நீங்கள் இப்போது இருப்பது, நான் ஊகிப்பது சரியானால், அந்த இடத்தில்.

இலக்கு நெருங்க நெருங்க முயற்சி கூடும் என்பதைக் கிளார்க் ஹல் என்னும் உளவியலாளர் 1932இல் முன்வைத்தார். பாதையின் முடிவில் உணவை வைத்து எலிகளை ஓடவிட்டபோது, உணவை நெருங்குகையில் அவை வேகமெடுத்தன. மனிதரிடம் இதற்கு ஓர் அழகான பரிசோதனை 2006இல் வெளியானது. ஜோசப் நூனெஸ், சேவியர் திரேஸ் ஆகிய இருவர், கார் கழுவும் நிலையமொன்றில் 300 பேருக்கு அட்டைகள் கொடுத்தார்கள். பாதிப் பேரின் அட்டையில் எட்டுக் கட்டங்கள், எல்லாம் வெறுமை. மறு பாதியின் அட்டையில் பத்துக் கட்டங்கள், ஆனால் இரண்டு ஏற்கெனவே நிரப்பப்பட்டவை. இருசாராரும் வர வேண்டியது எட்டுத் தடவைதான். முதல் சாராரில் 19 வீதத்தினரும் இரண்டாம் சாராரில் 34 வீதத்தினரும் அட்டையை நிறைவு செய்தார்கள். எட்டுத் தடவை கார் கழுவுவதும் எட்டு ஆண்டு மொழி கற்பதும் ஒன்றல்ல. ஆகையால் இதை அப்படியே நம் விடயத்துக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எனினும் இதிலிருந்து ஒன்றை எடுத்து என் முதல் வகுப்பில் பயன்படுத்துகிறேன்: கடே, குலீ, முருங்கா, சல்லி, இந்தி ஆப்ப, அக்கா என்று மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சிங்களச் சொற்களைப் பலகை நிறைய எழுதிவிட்டு, பூச்சியத்திலிருந்து யாரும் தொடங்கவில்லை என்று காட்டுவேன். கடையிலும் கூலியிலும் நம் சொல்லை அவர்கள் எடுத்து வைத்திருப்பதைக் கண்டதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு இரண்டு வாரத்துக்காவது தாங்கும்.

"இது ஒரு தேக்க நிலை, பொறுத்திருந்தால் திடீரென்று பாயும்" என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஆறுதலுக்கு நூறாண்டு கடந்த வேர் உண்டு. வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் ஆகியோர் 1897இலும் 1899இலும் தந்திச் செய்தி கற்பவர்களைப் பற்றி எழுதினார்கள். செய்தியைக் காதால் வாங்கும் திறன் ஏறிக்கொண்டு வந்து, நடுவில் பல வாரங்கள் தட்டையாகக் கிடந்து, பிறகு மீண்டும் ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்குமுன் இந்தத் தேக்கம் வருகிறது என்று விளக்கினார்கள். விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் தந்திக்குப் பயன்பட்ட மோர்ஸ் குறிப் பயிற்சியில் நீண்ட அனுபவமுள்ள ஃபிரெட் கெல்லர் 1958இல், அந்தத் தேக்கம் வெறும் மாயத்தோற்றம், பின்வந்த பயிற்சிப் பதிவுகளில் அது காணப்படவில்லை என்று வாதிட்டார். ஆகவே சிலருக்குத் தேக்கம் வரும் என்பதை ஏற்கலாம். எல்லோருக்கும் வரும் என்பதும், காத்திருந்தால் தானாகவே உடையும் என்பதும் ஐயத்துக்குரியவை. என் வகுப்புகளில் தேக்கத்தை உடைத்தவர்களுள் பெரும்பாலானோர் படிக்கும் விதத்தில் எதையாவது மாற்றியவர்கள். அதே பாடத்தை அதே விதமாக வாசித்துக் காத்திருந்தவர்கள் பாய்ந்ததை நான் அதிகம் கண்டதில்லை. மூன்று மாதம் கழித்தும் அதே பிழைகளை அதே இடங்களில் விடுகிறீர்கள் என்றால், அதை மெதுவான முன்னேற்றம் என்று அழைக்காதீர்கள். நின்றுவிட்டீர்கள், முறையை மாற்ற வேண்டும்.

முறையைப் பற்றி, இந்தத் துறையில் மிக உறுதியானவை என்று நான் கருதும் இரண்டு விடயங்கள் உண்டு. ஞாயிறு காலை மூன்று மணித்தியாலம் ஒரே மூச்சாகப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று மணித்தியாலத்தை வாரம் முழுவதும் அரை அரை மணித்தியாலமாகப் பரப்பினால் நினைவில் நிற்பது கூடும். 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே பரிசோதனைப் பொருளாக்கிப் பொருளற்ற அசைகளை மனனம் செய்து கண்ட காலத்திலிருந்து இது மீண்டும் மீண்டும் உறுதியாகி வந்திருக்கிறது. மற்றொன்று, திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து மீட்பது நல்லது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் செய்த பரிசோதனையில், நான்கு அமர்வுகளும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 வீதம் நினைவுகூர்ந்தார்கள். ஓர் அமர்வு வாசித்து மூன்று அமர்வு பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 வீதம். ஒரு வாரம் போன பிறகு கேட்டபோது முதலாம் குழுவினர் 40 வீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். இரண்டாம் குழுவினர் 61 வீதத்தில் நின்றார்கள். இதில் உங்கள் கேள்விக்கு நேரே பொருந்தும் செய்தி வேறொன்று: தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே. அதாவது, விரைவாகப் போவது போன்ற உணர்வைத் தரும் முறை மெதுவானதாகவும், தடுக்கித் தடுக்கிப் போவது போன்ற உணர்வைத் தருவது விரைவானதாகவும் இருக்க இடமுண்டு. உங்கள் சோர்வில் ஒரு பகுதி நீங்கள் ஒழுங்காகப் படிப்பதாலேயே வருவதாகவும் இருக்கலாம். உணர்வை நம்பாமல் கொப்பியை நம்பச் சொல்வது இதனால்தான்.

அன்றாட ஒழுங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதை மறந்துவிடுங்கள். இலண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்ததில், காலை உணவோடு ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் தாமாகவே நடக்கத் தொடங்க நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அந்தக் கணிப்பு 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 66ஐயும் விதியாக்கிவிடக் கூடாது, ஏனென்றால் 39 பேரின் பதிவுகளே அவர்களின் கணித வளைவோடு நன்றாகப் பொருந்தின. ஆனால் அதே ஆய்வில், ஒரு நாள் தவறவிட்டது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. 2022 மார்ச் முடிவில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது என் வகுப்பே நின்றது. சில வாரம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் பெரிதாக எதையும் இழந்திருக்கவில்லை, "விட்டது விட்டதுதான்" என்று வராமல் போனவர்களே இழந்தார்கள். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்வது உதவும் என்பதற்கு ஆதாரம் வலுவானது. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 பரிசோதனைகளைத் தொகுத்து அதைக் காட்டினார்கள். நீங்கள் தெஹிவளையில் ஏறுவதாகச் சொன்னீர்கள்: பேருந்து வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் கொப்பியைத் திறப்பேன் என்று வையுங்கள், இருக்கை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். மன உறுதி என்பது செலவழிந்து தீரும் ஒரு கையிருப்பு என்ற கருத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்; 2016இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய இல்லாமல் போனது.

இனி, கேட்க விரும்பமாட்டீர்கள் என்று தெரிந்தும் ஒன்று சொல்கிறேன். வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு மூன்று பெரிய இலக்குகள் அதிகம். இந்த ஆண்டு ஒன்றைக் கீழே வையுங்கள். எதை வைப்பது என்று நான் தீர்மானிக்க முடியாது. பரீட்சைக்குக் கட்டணமும் காலக்கெடுவும் உண்டு, சிங்களத்துக்கு இல்லை, ஆகவே மொழி ஆசிரியனான நானே மொழியைத் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டி வரலாம். முழுதாக விடாமல் பேருந்துக் கொப்பியோடு மட்டும் அதை உயிரோடு வைத்திருக்க முடியும். எட்டாத இலக்கைக் கைவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளக் கூடியவர்கள் மனநலத்தில் சற்று மேலாக இருப்பதாக ஆய்வுகள் உண்டு; அவை பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து காணப்படுவதைத்தான் காட்டுகின்றன, ஒன்றால்தான் மற்றது விளைகிறது என்பதை அல்ல.

நித்திரை கெட்டிருப்பதாகவும் முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால், மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலில் வைத்தியரைப் பாருங்கள். நேரே போகத் தயக்கமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அது மனச்சோர்வாக இருந்தால் கொப்பியில் கோடு போடுவதால் தீராது.

அப்படியில்லையென்றால், இந்த ஞாயிறு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். சிங்களப் பத்திரிகை ஒன்றிலிருந்து பத்து வரிச் செய்தியை வெட்டியெடுத்து, அதை வாய்விட்டு வாசித்துத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எடுத்த நேரத்தையும் தெரியாத சொற்களின் எண்ணிக்கையையும் அந்தத் துண்டின் பின்பக்கத்தில் எழுதி, துண்டைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அதே அளவுள்ள புதிய செய்தி ஒன்றை எடுத்து அதையே செய்யுங்கள், பழைய பதிவைக் கேட்காதீர்கள். நான்காவது மாதம் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, எண்களோடு இங்கே எழுதுங்கள். எண்கள் அசையவே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அப்போது முறையில் எதை மாற்றுவது என்று உட்கார்ந்து பேசலாம்.